பிணத்தின் தலைமாட்டில் ஒரு பிராம்ப்டர்

ஜனவரி 12

என் துப்பறியும் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. போன மாதம் பிடித்த இருமலும் விட்டுவிட்டது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா? மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் வீட்டில்தான் யாரும் ஒழுங்காக மருந்து சாப்பிடுவதில்லை.

சரி, உட்கார்ந்துகொண்டு படி. நான் ஒரு நாடகம் எழுதிவிட்டேன்! கொலை நாடகம்! அதுவும் சிரிப்புக் கொலை நாடகம்!

எங்கள் ஆபீஸ் இருக்கும் கட்டடத்தில் எல்லா மாடிக்காரர்களும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நிகழ்ச்சி நடத்துவோம் அல்லவா? வழக்கமாகப் பாட்டுப் போட்டி, அதில் வழக்கமாகச் சண்டை. இந்த வருஷம் நாடகம் என்று முடிவானது. யார் எழுதுவது என்று எல்லாரும் முழித்தபோது வாட்ச்மேன்தான் கையைத் தூக்கினார். "இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அம்மாதான் நாள் பூரா சாவு கேஸ் பாக்குறாங்க. அவங்களையே எழுதச் சொல்லுங்க." என் வாழ்க்கையில் முதல்முறையாக என் வேலைக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

கதை இதுதான். ஒரு கஞ்ச முதலாளி. பிறந்தநாள் கேக்கை வெட்டி, முதல் துண்டைத் தானே தின்று, அங்கேயே விழுந்து சாகிறார். சந்தேகப்பட மூன்று பேர்: மனைவி, குடும்ப டாக்டர், சமையல்காரர். விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டர். மனைவியாகத் தையல்கடை அம்மா. டாக்டராக வாட்ச்மேன். சமையல்காரராக ஜெராக்ஸ் கடைக்காரர். இன்ஸ்பெக்டராக இரண்டாம் மாடிப் பல் டாக்டர். நிஜ டாக்டர் இருக்கும்போது வாட்ச்மேனுக்கு ஏன் அந்த வேஷம் என்று கேட்காதே, பல் டாக்டருக்குத் தொப்பி வைத்த வேஷம்தான் வேண்டுமாம். முதலாளியாக, அதாவது பிணமாக, எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக். ஆள் பெரிய உடம்பு, விழுந்தால் மேடை அதிரும். நான் பிராம்ப்டர். பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பேன்.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போனில் நாலு வாக்கியம் தாண்டுவதற்குள் நீ "அவன்தானே?" என்று கத்திவிடுவாய். சின்ன வயதில் எத்தனை படத்தை எனக்குக் கெடுத்தாய்! கடைசிக் காட்சி வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார எனக்குக் கொடுத்துவைக்கவே இல்லை. அதனால் இது பந்தயம். கடைசிக் காட்சியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை இதோடு வைத்திருக்கிறேன். கொலைகாரர் யார் என்று நீ எழுது. சரியாகச் சொன்னால் கொலைகாரரை மாற்றுவேன். நீ தோற்ற பிறகுதான் மேடையேற்றம். குழுவிடமும் சொல்லிவிட்டேன். பல் டாக்டர் மட்டும் பல்லைக் கடித்தார்.

சீக்கிரம் எழுது.

பரபரப்போடு,
அக்கா

*

ஜனவரி 25

அன்பு அக்காவுக்கு,

முட்டி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என்னோடு பேசுகிறது. இவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. உன் நாடகத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து மறுபடி ஏறியிருக்கும்.

கொலைகாரர் டாக்டர். முதலாளி விழுந்ததும் நாடியைப் பிடித்துப் பார்க்காமலே "போயிட்டார்" என்று சொல்கிறவன் எவனோ அவன்தான். மூன்றாம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது, அக்கா. மீதியை வசனத்துக்காகப் படித்தேன்.

இன்னொன்று. நீ எழுதியிருக்கும் மருந்தைக் கேக்கில் கலந்தால் ஆள் சாகமாட்டான். நன்றாகத் தூங்குவான், அவ்வளவுதான். கடைக்காரியிடம் கேட்டிருக்கக்கூடாதா?

பிணமாக நடிக்கிறவர் நாடகம் பூராவும் மேடையிலேயேதான் கிடக்க வேண்டுமா? பாவம், முதுகு வலிக்காதா?

உடம்பைப் பார்த்துக்கொள். தனியாக இருக்கிறோம் என்று ராத்திரியில் வெறும் பிஸ்கட்டோடு படுத்துவிடாதே.

உன்,
தங்கச்சி

*

பிப்ரவரி 8

அடியே,

நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. நான் கொதித்துப்போய் இருக்கிறேன். மூன்றாம் பக்கமாம்!

போகட்டும். மாற்றிவிட்டேன். விஷத்தையும் மாற்றிவிட்டேன், இப்போது அதற்குப் பெயரே கிடையாது, "அந்த மருந்து" என்று மட்டும் சொல்கிறார்கள். இனி உன் படிப்பு செல்லாது. புதுப் பிரதி இதோடு இருக்கிறது.

ஒத்திகை நடக்கிற அழகைச் சொல்கிறேன் கேள். அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில்தான் ஒத்திகை. முதலாளி விழுகிற இடம் நான் உட்காரும் பக்கத் திரைக்கு நேர் கீழே. அவர் தலை ஒரு பக்கம், திரைத்துணிக்கு மறுபக்கம் என் ஸ்டூல். நாடகம் முழுக்கப் பிணத்தின் தலைமாட்டில் நான். நேற்றுப் பல் டாக்டர் ஒரே வசனத்தை ஆறாவது தடவையாக மறந்தார். நான் எடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், "இவர் மயக்க ஊசியைத் தனக்கே போட்டுக்கிட்டார் போல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டேன். பிணத்துக்குக் கேட்டுவிட்டது! கண்ணை மூடிக்கொண்டே வயிறு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். மேலே போர்த்திய வெள்ளைத்துணி கடல் மாதிரி ஆடுகிறது. தையல்கடை அம்மா அழுதுகொண்டே வந்து மார்பில் விழ வேண்டிய காட்சி. விழுந்தவர், துள்ளி எழுந்தார். "இது சாவலைங்க, இன்னும் துடிக்குது!"

இனி வாயைத் திறப்பதில்லை என்று நினைத்தேன். முடியவில்லை. அவர் வேறு உதட்டை அசைக்காமல் பதிலுக்கு ஏதாவது சொல்கிறார். "எழுத்தாளரம்மா, எனக்கு எறும்பு கடிக்குது. செத்தவன் சொறிஞ்சுக்கலாமா?" என்கிறார். நான் என்ன செய்ய?

நல்ல மனுஷன். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. லிஃப்ட் கம்பெனியில் வேலையும் முடிந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போய்விடப் போகிறாராம். நாடகத்துக்கு வார்த்தை கொடுத்துவிட்டதால்தான் காத்திருக்கிறார். நாடகம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். போகட்டும், நமக்கென்ன.

கண்டுபிடி பார்ப்போம்.

அக்கா

*

மார்ச் 21

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. கடையில் சரக்கு சரிபார்க்கும் வேலை. நாங்கள் சௌக்கியம். நீ?

சமையல்காரர். அவரை இவ்வளவு நல்லவராக நீ எழுதியிருக்கும்போதே தெரிந்துவிட்டது. எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் குடிக்காத ஆளை நான் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன்.

மாற்று. அவசரமே இல்லை, நிதானமாக எழுது.

தங்கச்சி

*

ஏப்ரல் 3

அன்புள்ள குறளிக்கு,

நீ மனுஷியே இல்லை. உடம்பு நன்றாக இருக்கட்டும், மூளைக்கு மட்டும் லேசாக ஜலதோஷம் பிடிக்கட்டும்.

இந்த முறை கொலைகாரர் யார் என்று நடிக்கிறவர்களுக்கே தெரியாதபடி செய்துவிட்டேன். அவரவர் வசனம் மட்டும் அவரவருக்கு. அடுத்தவர் என்ன பேசப்போகிறார் என்று மேடையில்தான் தெரியும். எவ்வளவு பெரிய யோசனை பார்த்தாயா! ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடையிலேயே பிரதி எடுத்தார் அல்லவா, பழைய தாளையும் புதிய தாளையும் கலந்துவிட்டார். என்ன ஆயிற்று? இன்ஸ்பெக்டர், "யார் கொலை செய்தது?" என்று கேட்டதும் இரண்டு பேர் முன்னால் வந்து, "நான்தான்!" என்று அழுதார்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. "என் கையில வசனம் இருக்கு, எப்படி நான் இல்லேன்னு சொல்லுவீங்க?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சண்டைக்கே போய்விட்டார். வாட்ச்மேன் மட்டும் ஓரமாக நின்று பொருமினார். "மொதல்ல கொன்னது நான். என்னை எல்லாரும் மறந்துட்டீங்க." பிணம் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது.

எனக்கு இப்படி ஒரு வருஷம் வாய்த்ததே இல்லையடி. சாயந்தரம் ஆனால் கால் தானாக அடித்தளத்துக்கு ஓடுகிறது.

போன வாரம் இன்னொரு கூத்து. ஒத்திகை முடிந்து லிஃப்டில் ஏறினேன், அவரும் ஏறினார். நடுவில் நின்றுவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கை வைத்துக்கொண்டே லிஃப்ட் நிற்கிறது பார்! ஒரு திருகைக் கழற்றினார், மாட்டினார். இன்னொன்றைக் கழற்றினார், மாட்டினார். அதற்குள் தன் மகள் பிறந்த கதை, முதல் சம்பளக் கதை, தனியாகச் சமைக்கக் கற்றுக்கொண்ட கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். நானும் ஏதேதோ பேசினேன். இவ்வளவு பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அவர் கைக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை போல, பாவம், வயதாகிறது.

பிரதி இதோடு. இந்த முறை நீ தோற்பாய். தோற்றுவிடு, பல் டாக்டர் தேதி கேட்டு உயிரை வாங்குகிறார்.

அக்கா

*

மே 16

தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார்தானே? பயந்து போனில் பிடித்தால் "எல்லாரும் நல்லா இருக்கோம், யோசிச்சுட்டே இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். மூன்று பக்கத்தில் கண்டுபிடிக்கிறவளுக்கு இப்போது என்ன இத்தனை யோசனை?

குழுவில் முணுமுணுப்பு. பல் டாக்டர் தேதி குறிக்கச் சொல்கிறார். மகளும் அப்பாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாளாம், ஜூலை முதல் வாரம். அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அப்பா பக்கத்தில் வேண்டும் என்று ஆசை இருக்காதா?

அவர் டிக்கெட்டை என்னிடம் காட்டினார். "நல்ல சீட், ஜன்னலோரம்" என்றேன். வேறென்ன சொல்வது?

பதில் போடு.

அக்கா

*

ஜூன் 2

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் கல் மாதிரி இருக்கிறோம். உன்னைக் கவலைப்பட வைத்ததற்கு என் காதை நானே திருகிக்கொண்டேன்.

மனைவி. மற்ற இருவரையும் நான் சொல்லிவிட்டேன், மிச்சம் அவள்தானே. இதற்குத் துப்பறிய வேண்டியதே இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கட்டுமா? எல்லாருக்கும் நீ வசனம் எழுதுகிறாய். எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கிறாய். உனக்கென்று அதில் ஒரு வசனம்கூடவா வேண்டாம்?

தங்கச்சி

*

ஜூன் 9

தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறேன். பந்தயம் போதும். ஜெயித்தது நீ என்றே வைத்துக்கொள். ஜூன் 28 மேடையேற்றம், தேதி குறித்தாயிற்று. அதற்கு மேல் தள்ளினால் பிணம் கிடைக்காது.

கடைசிக் காட்சியை மறுபடி மாற்றினேன். இப்போது யாருமே கொல்லவில்லை. மாரடைப்பு. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, "இது இயற்கை மரணம், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார், திரை விழுகிறது. உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் தெரிகிறது. வேறு எழுத வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இந்த நாடகம் முடியவே கூடாது என்று இருக்கிறது. மேடையேற்றம் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? நானோ நாள்காட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. பயம்தான் போல.

எனக்கெதற்கு வசனம்? நான் பிராம்ப்டர்.

அக்கா

*

ஜூன் 17

என் மக்கு அக்காவுக்கு,

சௌக்கியம் கிடக்கட்டும். நேரே விஷயம்.

உன் பிப்ரவரிக் கடிதத்திலேயே கொலைகாரரைவிடப் பெரிய ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன். நாலு பேர் நடிக்கிற நாடகத்தைப் பற்றி எழுதுகிறாய். அதில் பக்கம் பக்கமாக வருவது படுத்துக் கிடக்கிற ஒருத்தர்! அவர் சிரித்தார், அவரை எறும்பு கடித்தது, அவர் போகப்போகிறார், "நமக்கென்ன." அந்த "நமக்கென்ன"வைப் படித்ததும் கடையில் ஆள் நிற்க நிற்க நான் கல்லாவில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால்தான் பதில் போடாமல் இழுத்தேன். சரக்குச் சரிபார்ப்பு எல்லாம் சும்மா. வேண்டுமென்றே ஒருமுறை தோற்றிருக்கலாம். தோற்றால் நாடகம் மேடையேறிவிடும், மேடையேறினால் அவர் போய்விடுவார். நீ இன்னும் கொஞ்ச நாள் சாயந்தரம் அடித்தளத்துக்கு ஓடட்டுமே என்று இருந்தது. அதற்குள் இரண்டு பேரில் யாராவது வாயைத் திறப்பீர்கள் என்று பார்த்தேன். இரண்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தால் நான் என்ன செய்ய? அவராவது லிஃப்டை நிறுத்திப் பார்த்தார். வயதாகிறதாம், கைக்கு வேலை ஓடவில்லையாம்! இத்தனை வருஷம் லிஃப்டைக் கழற்றி மாட்டினவருக்கு ஒரு திருகா தெரியாது?

அக்கா, உனக்குப் பிடித்திருக்கிறது. அதைச் சொல். அவர் போனாலும் போகட்டும், தெரிந்துகொண்டு போகட்டும். சொல்லாமல் விட்டால் நீ மறுபடி பிஸ்கட்டோடு படுத்துக்கொண்டு, "நல்ல சீட், ஜன்னலோரம்" என்று விட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாய். எனக்குத் தாங்காது.

28-ஆம் தேதி நான் வரவில்லை. வர ஆசைதான். வந்தால் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய்.

உன்,
தங்கச்சி

*

ஜூன் 30

அடியே! அடியே! அடியே!

எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றே தெரியவில்லை. தலைகால் புரியவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். அரங்கம் நிரம்பி வழிந்தது. பல் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், அவர் கஷ்டப்படுவதைப் பார்க்க. முதலாளி கேக்கைத் தின்று விழுந்தார், மேடை அதிர்ந்தது, கைதட்டல். எல்லாம் நன்றாகப் போனது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், சிரிக்க வேண்டாத இடத்திலும் சிரித்தார்கள்.

கடைசிக் காட்சி. இன்ஸ்பெக்டர் நடுமேடைக்கு வருகிறார். மூன்று பேரையும் முறைக்கிறார். தொண்டையைச் செருமுகிறார். வசனம் வரவில்லை. என் பக்கம் நகர்ந்து வருகிறார், மறுபடி செருமுகிறார். நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தாள் என் மடியில்தான் இருக்கிறது. ஆனால் நான் எங்கே தாளைப் பார்த்தேன்? திரைத்துணி இடுக்கு வழியாக அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு பக்கம்தான், அப்புறம் இவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. எந்த வரி, எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. பல் டாக்டர் நெற்றியில் வியர்வை.

அப்போது பிணம் வாயைத் திறந்தது.

"இது இயற்கை மரணம், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்று பல் டாக்டருக்கு எடுத்துக் கொடுத்தார், கண்ணைத் திறக்காமலே. மெதுவாகத்தான் சொன்னார். அழுகைக் காட்சிக்காக அவர் தலைக்கு மேலே ஒரு மைக் தொங்குவதை மறந்துவிட்டார். அரங்கம் பூரா கேட்டது! செத்தவனே தன் சாவு இயற்கை மரணம் என்கிறான்! சிரிப்பு கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் ஒரு அம்மா நாற்காலி மேல் ஏறி, "பொணம் பேசுது! பொணம் பேசுது!" என்று கத்தினார்.

பல் டாக்டரை நான் இத்தனை நாள் குறைவாக நினைத்துவிட்டேன். வசனம் தெரியாவிட்டாலும் சமாளிக்கத் தெரிகிறது. பிணத்தின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

"யோவ், நீ சாகலையா?"

"செத்துதான் கிடந்தேன். நீங்க முழிக்கிறதைப் பாத்து உயிர் வந்துடுச்சு."

"வந்ததுதான் வந்தது, நீயே சொல்லு. உன்னைக் கொன்னது யாரு?"

கேட்டதுதான் தாமதம், வாட்ச்மேன் தடாலென்று காலில் விழுந்தார். "நான்தான் முதலாளி!" தன் பழைய வாக்குமூலம் பூராவையும் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஜெராக்ஸ் கடைக்காரர் கரண்டியோடு பாய்ந்து வந்து, "இல்லை, நான்தான்!" என்றார். தையல்கடை அம்மா விடுவாரா? "கட்டின பொண்டாட்டி நான் இருக்கும்போது இவங்க யாருங்க உங்களைக் கொல்றதுக்கு?" நான் எழுதி எழுதித் தூக்கிப்போட்ட அத்தனை முடிவும் மேடைக்கு வந்துவிட்டது. உன்னால் வந்த முடிவுகளடி அத்தனையும்! ஜனங்கள் எழுந்து நின்று சிரித்தார்கள்.

அவர் கையை உயர்த்தினார். அமைதியானது.

"இவங்க யாரும் இல்லை. என்னைக் கொன்னவங்க அந்தத் திரைக்குப் பின்னால இருக்காங்க. ஆறு மாசமா என் தலைமாட்டிலேயே உக்காந்து கொன்னாங்க."

தையல்கடை அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். செருப்புகூட இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில் போய் நின்றேன். நான் மேடை ஏறியதே இல்லை, உனக்குத் தெரியும். எதிரே ஒரே இருட்டு, அதில் நூறு பேர் மூச்சு.

பல் டாக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "ஏன்மா கொன்னீங்க?"

எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. அவரைப் பார்த்தேன். பல் டாக்டருக்கு வசனம் கொடுத்த மனுஷன், எனக்குக் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

சொல்லிவிட்டேனடி.

"செத்தாலாவது இங்கேயே இருப்பாரேன்னுதான் கொன்னேன். எனக்கு இவர் போகக்கூடாது."

என் குரலா அது? மைக்கே தேவைப்படவில்லை. அப்புறம் ஒரே கைதட்டல், விசில். இந்த மாதிரி ஒரு முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லையாம். எத்தனை பேர் வந்து கைகொடுத்தார்கள் என்கிறாய்! "எப்படிம்மா யோசிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்காதே. அவர் எழுந்து என் பக்கம் ஒரு அடி வைத்தார், அதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள், நான் பின்படி வழியாக வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. சொன்னதற்கு வருத்தமே இல்லை, அதுதான் ஆச்சரியம்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பால்காரராகத்தான் இருக்கும். இரு, பார்த்துவிட்டு வந்து

*

ஜூலை 11

மரியாதைக்குரிய மருந்துக்கடை அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் ஐயாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கட்டும். பிணம் எழுதுகிறேன்.

உங்கள் அக்காவின் போன கடிதம் பாதியில் நின்றிருக்கும். அதை அப்படியே உறையில் போட்டு அனுப்பியது நான்தான். அவர் முடித்து எழுதும் நிலையில் இல்லை. கதவைத் தட்டியதும் நான்தான்.

சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகப் பேசினார். "அன்னிக்கு மேடையில சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. அது நாடகத்துக்காகச் சொன்னது" என்றார்.

"நாடகத்துல அப்படி ஒரு வசனமே இல்லீங்களே" என்றேன். "டாக்டர் கொன்னது, சமையல்காரர் கொன்னது, பொண்டாட்டி கொன்னது, யாருமே கொல்லாதது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆறு மாசம் கண்ணை மூடிக்கிட்டு வேற என்ன செஞ்சேன்? இது மட்டும் நான் கேட்டதே இல்லை."

உங்கள் அக்கா கதவைச் சாத்திவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. இந்த முறை நிஜமாகவே. அப்புறம்தான் தெரிந்தது, சாத்தினால்தான் சங்கிலியைக் கழற்ற முடியும்.

அன்று சாயந்தரமே மகளுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு இந்த வயதில் என்ன வந்தது என்று கேட்பாள் என்று பயந்தேன். "அவங்க உங்களைச் சிரிக்க வைப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். "செத்துக் கிடந்தே சிரிச்சேம்மா" என்றேன். அவள் அந்தப் பக்கம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. குழந்தை பிறந்ததும் இரண்டு பேருமாக வந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று. பக்கத்து சீட்டும் எடுத்தாயிற்று. ஜன்னலோரம் யாருக்கு என்று நேற்றிலிருந்து வாக்குவாதம்.

நாடகத்தை மறுபடி போடச் சொல்லி ஊர் கேட்கிறது. பல் டாக்டர் வசனம் மறந்ததே தன் திட்டம்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லிக்கொள்ளட்டும், அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதிவு அலுவலகத்தில் ஆகஸ்ட் 2 காலை என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து நீங்கள் போட வேண்டும் என்பது உங்கள் அக்காவின் பிடிவாதம். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் பரவாயில்லையாம். ஐயாவோடு முந்தின நாளே வந்துவிடுங்கள். அந்த ஆபீஸ் கட்டடத்தையும் காட்டுகிறேன், படி ஏற வேண்டாம்; லிஃப்ட் நன்றாக ஓடுகிறது.

கடிதத்தை எப்படி முடிப்பது என்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறார். அதனால் நானாகவே ஒன்று போட்டுப் பார்க்கிறேன். தப்பாக இருந்தால் அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்